மணலில் எழுதிய விரலும் அதைப் பார்த்து எழுதிய நூல்களும்

கல்வியைப் பற்றி உலகம் இன்றும் புரட்டிப் பார்க்கும் நூல்களில் சில, சென்னையில் எழும்பூருக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சில மைல் பரப்பில் உருக்கொண்டவை. ஆண்ட்ரூ பெல் 1797இல் வெளியிட்ட சோதனை அறிக்கை, தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பு, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, மரியா மாண்டிசோரியின் அடையாறு சொற்பொழிவுகள் ஆகியவை அந்த வரிசையில் வரும். எழுதியவர்களில் ஒருவர் பாதிரியார், ஒருவர் ஆளுநர், ஒருவர் தமிழாசிரியர், ஒருவர் இத்தாலிய மருத்துவர். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்பார் என்று சொல்ல முடியாது. எனினும் இவற்றில் பலவற்றை இணைக்கும் காட்சி ஒன்று உண்டு: ஒரு பிள்ளை விரலால் மணலைத் தொட்டு எழுத்துப் பழகுகிறது.

இந்தப் பரப்பின் கடலோரத்தில் இருக்கிறது மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பம். வடக்கே மெரினாவை ஒட்டி மாநிலக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகமும். தெற்கே ஆற்று முகத்துவாரத்தைக் கடந்தால் பிரம்மஞான சபையின் தோப்பு. கற்பதைப் பற்றிய நூல்கள் இரண்டு பக்கமும் எழுதப்பட்டன. நடுவிலிருந்த குப்பத்தில் கற்றல் மட்டும் நடந்தது, நூல் வரவில்லை. மேற்சொன்ன நூல்களை வரிசையாகப் படிக்கும்போது, அவை சொன்னது எது, விட்டது எது என்ற இரண்டும் தெளிவாகும்.

திண்ணையும் மணலும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் எழுத்து முதலில் மணலில்தான் வரும். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பார். பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். தப்பினால் உள்ளங்கையால் ஒரு வீச்சு. மணல் மறுபடி வெறுமையாகும். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். விரலும் கண்ணும் நாவும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும். கை பழகியபின்தான் எழுத்தாணியும் ஓலையும் கிடைக்கும்.

பள்ளியை நடத்துவதில் இன்னொரு சிக்கனமும் இருந்தது. வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோ பல நிலையினர். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அந்த மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பாடம் கேட்பது, முறை வைத்துச் சொல்லவைப்பது, வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியைக் கட்டி மேய்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது, பெரும்பாலும் கேலியாக.

இந்த வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டு இக்கேரியில் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாட்டாகச் சொல்லிக்கொண்டே தரையில் தூவிய மணலில் விரலால் எழுத, மற்றவர்களும் அப்படியே பாடி எழுதினார்கள். மணல் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புதிதாகத் தூவிக்கொண்டார்கள். திண்ணைப் பள்ளியின் இரு கூறுகளும், அதாவது மணலில் எழுதுவதும் பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாவதும், அந்த ஒரு காட்சியிலேயே அடங்கியிருக்கின்றன.

எழும்பூரில் ஒரு சோதனை

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் மதகுருவாக இருந்தவர், 1789 முதல் எழும்பூரிலிருந்த ராணுவ ஆண் அநாதை விடுதியின் கண்காணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்; பலருடைய தாய்மார் இந்தியப் பெண்கள். ஆசிரியர்கள் சம்பளத்துக்கு வந்துபோனார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை.

ஒருநாள் பெல் ஒரு நாட்டுப் பள்ளியைக் கடந்து போகையில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதையே தம் பள்ளியில் செய்யும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மனம்வைக்கவில்லை. உடனே அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். சிப்பாய் ஒருவரின் மகனான ஃபிரிஸ்கன், பெரியவர்களுக்கு வராததைச் செய்துகாட்டினான். அதன்பின் ஒவ்வொரு வகுப்பும் மாணவர் கைக்குப் போனது. வகுப்புக்குள்ளும் தெரிந்தவனையும் தெரியாதவனையும் இரண்டிரண்டாக இணைத்து உட்காரவைத்தார்கள். சம்பள ஆசிரியரின் வேலை மேற்பார்வையாகச் சுருங்கியது.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். தலைப்பிலேயே மெட்ராஸ் இருந்தது. சவுத்வர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்த ஜோசப் லங்காஸ்டர் 1803இல் இதே போக்கில் இன்னொரு நூல் எழுதினார். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவர் பக்கத்து ஆட்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதரவில் 1811இல் அமைந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையைப் பரப்பியது. 1832இல் அவர் இறந்தபோது அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் ஏறத்தாழ 12,000. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கிய பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயர். அந்தப் பெயரில் அது இன்றும் நடக்கிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எட்டு வயது ஃபிரிஸ்கனின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த தமிழ் வாத்தியாரின் பெயர் கிடைக்கவில்லை. லண்டனில் இருவர் உரிமை கோரிச் சண்டையிட்ட பொருளுக்கு உரியவர், அப்படியொரு சண்டை நடப்பதே தெரியாமல் தம் திண்ணையில் இருந்தார்.

மன்றோ கேட்ட கணக்கு

அடுத்த ஆவணம் அரசாங்கத்துடையது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் ஒரு கணக்குக் கேட்டார்: எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தச் சாதியார், ஆண் எத்தனை, பெண் எத்தனை. பதில்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. அவற்றைத் தொகுத்து மன்றோ 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பில் கண்ட எண்கள் இவை: பள்ளிகள் 12,498, படிப்போர் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. அதாவது 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார்.

மன்றோ அதோடு நிற்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வருவதில்லை என்பதால், ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளைத் தனியே மதிப்பிட்டார். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பள்ளியில் இருந்தார்கள். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை எட்டலாம் என்று கருதினார். சென்னை நகரில் மட்டும் வீட்டில் படிப்போர் 26,963 பேர் என்று கணக்கு வந்திருந்தது. அது பள்ளியில் படித்தவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த எண்ணை மன்றோவே முழுதாக நம்பவில்லை.

ஆட்சியர்களின் பதில்களில் நீளமானதும் ஆழமானதும் பெல்லாரியிலிருந்து ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பியது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் குறைந்த செலவில் எழுதப் பழக்குவதையும் அவர் பாராட்டினார். இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்தது நியாயமே என்றார். அதே கடிதத்தில் குறைகளையும் எழுதினார். பிள்ளைகள் பொருள் தெரியாமல் செய்யுள்களை மனப்பாடம் செய்கிறார்கள். பெற்றோர் வறுமையில் விழுவதால் பள்ளிகள் மூடப்படுகின்றன. அந்த வறுமைக்குக் கும்பினி ஆட்சியில் நெசவு போன்ற கைத்தொழில்கள் நசித்ததும் காரணம். ஆட்சியாளர் ஒருவர் தம் ஆட்சியின் விளைவையே இப்படிப் பதிவு செய்ததால்தான் அந்தக் கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது.

அழகிய மரமும் அதன் நிழலும்

அரசுக் கோப்புகளில் கிடந்த ஆட்சியர்களின் பதில்கள் தொகுத்து நூலாக வர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இடையில் 1931 அக்டோபர் 20 அன்று காந்தி லண்டனில் பேசியபோது, ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் எழுத்தறிவு இன்னும் அதிகமாக இருந்தது என்றும், பிரிட்டிஷ் நிர்வாகம் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து மரத்தைப் பட்டுப்போகவிட்டது என்றும் சொன்னார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக் அதற்கு ஆதாரம் கேட்டார். காந்தியோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, பின்னர் சொற்பொழிவாற்றி, 1939இல் மறுப்பை நூலாகவே வெளியிட்டார்.

ஆய்வாளர் தரம்பால் 1960களில் லண்டனிலும் சென்னையிலும் ஆவணக்காப்பகங்களில் அமர்ந்து மன்றோ காலத்துப் பதில்களைப் படியெடுத்தார். 1983இல் வெளிவந்த அவருடைய நூலுக்குக் காந்தியின் உவமையே தலைப்பானது. தமிழிலும் ‘அழகிய மரம்’ என்று அது வந்திருக்கிறது. அந்நூலின் பெரும்பகுதி ஆவணங்களே. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் சூத்திரர் என்றும் இதர சாதியார் என்றும் குறிக்கப்பட்டவர்கள் சேலம், திருநெல்வேலியில் சுமார் 70 விழுக்காடு; தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டுக்கும் மேல். பழைய கல்வி முழுதும் பிராமணர் கையில்தான் இருந்தது என்ற எண்ணத்தை இந்த எண்கள் உடைத்தன.

அதே எண்களை வேறு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். 1,88,650 பேரில் பெண்கள் 4,540 மட்டுமே. அட்டவணையின் கட்டங்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், இதர சாதியார், முஸ்லிம் என்று போகின்றன. தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. கடற்கரை மீனவரான பட்டினவருக்கும் இல்லை. படித்தவர்களில் எத்தனை பேர் எந்தச் சாதி என்பது தெரிகிறது. ஒவ்வொரு சாதியிலும் எத்தனை பேர் படிக்காதிருந்தார்கள் என்பது தெரிவதில்லை. பழம்பெருமைக்குச் சான்று தேடுகிறவர் முதல் பாதியோடு நூலை மூடிவிடுகிறார். பழமையில் எதுவுமே இல்லை என்பவர் நூலைத் திறப்பதே இல்லை. ஆவணத்தை முழுதாகப் படித்தால் இருவருக்கும் சங்கடம்தான்.

விடுபட்டவர்களைப் பற்றிய நூல் அடையாற்றிலிருந்து வந்தது. பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஓல்காட், 1894இல் ஊரூரில், தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு அன்று வழங்கிய பெயரில், பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் பள்ளிகள் ஐந்தாயின. மயிலாப்பூர்ப் பகுதியில் நடந்த ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். இந்த மக்களின் நிலையையும் பள்ளிகளின் வேலையையும் விளக்கி அவர் 1902இல் ஒரு சிறு நூல் எழுதினார். மன்றோவின் கணக்குக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இவர்களுக்கென்று தனிப் பள்ளி தேவைப்பட்டது என்பதே, அந்தக் கணக்கில் இல்லாத கட்டம் எது என்பதைக் காட்டுகிறது.

மணலில் உட்கார்ந்தவர் எழுதியது

இதுவரை சொன்ன நூல்களை எழுதியவர்கள் எல்லாரும் பள்ளியை வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே உட்கார்ந்து படித்தவர் எழுதியது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1855இல் பிறந்த அவர், 1903 முதல் 1919வரை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். கல்லூரி வளாகத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது அவர் சிலை. ‘ஆனந்த விகட’னில் 1940 முதல் அவர் இறந்த 1942வரை தொடராக வந்த தன்வரலாறு, 1950இல் நூலாயிற்று.

திண்ணைப் பள்ளியின் அன்றாடம் அதில் இருக்கிறது: மணலில் எழுத்துப் பழகுவது, ஓலையில் மை தடவி எழுத்தைத் துலங்கச்செய்வது, மாலையில் வீடு திரும்பும்முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்பி மறுநாள் காலையில் கேட்பது. ஞாபகத்துக்குப் பயிற்சி, விளையாட்டுப்போல. திண்ணைப் பள்ளிகளின் மறுபக்கமும் மறக்கத்தக்கதன்று. பிரம்படி அன்றாடம், கைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. பெல்லின் நூலில் முறை தெரிகிறது, மன்றோவில் எண் தெரிகிறது. பிள்ளைக்கு அந்த நாள் எப்படிக் கழிந்தது என்பது சாமிநாதையர் போன்றவர்களின் எழுத்தில்தான் தெரிகிறது.

கணக்குப் பாடத்தின் உட்புறத்தை அண்மையில் திறந்துகாட்டியவர் புதுச்சேரி ஆய்வாளர் து. செந்தில்பாபு. எண்சுவடியையும் அளவைகளையும் பற்றி 2022இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல், திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைத்தனமாகக் காண்பதில்லை. அளப்பதும் பங்கிடுவதும் கூலி கணக்கிடுவதுமாக ஊரில் நடந்த வேலைகளோடு அந்த வாய்பாடுகளுக்கு இருந்த உறவை எடுத்துக்காட்டுகிறது. கேம்பெல் கண்ட குறையைப் பற்றி வாசகர் இன்னொரு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடையாற்றில் மணல்தாள்

மரியா மாண்டிசோரி 1939இல், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பு ஓலைக் கொட்டகைகளில் நடந்தது. இத்தாலி போரில் இறங்கியதும் 1940இல் அவர் பகை நாட்டவராகக் கருதப்பட்டார். மகன் மரியோவைச் சில காலம் அடைத்துவைத்தார்கள். 1946வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அந்தக் காலத்துச் சிந்தனைகள் நூல்களாகியபோது, 1946இலும் 1948இலும் கலாக்ஷேத்ரா இரண்டை வெளியிட்டது. குழந்தை தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சிக்கொள்ளும் மனத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூல், 1949இல் பிரம்மஞான சபையின் பதிப்பகத்திலிருந்து வந்தது.

மாண்டிசோரி வகுப்பில் எழுத்து கண்ணுக்கு மட்டுமன்று, விரலுக்கும் உரியது. மணல்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தின்மேல், எழுதும் திசையிலேயே பிள்ளை விரலை ஓட்டும்; ஒலியையும் சொல்லும். இந்த முறையை அவர் ரோமில் உருவாக்கினார். திண்ணைப் பள்ளியிலிருந்து எடுத்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் ‘அ’வின் சுழியை மணலில் விரலால் பழகிய ஊருக்கு, சொரசொரப்பான தாளில் விரலால் பழகும் முறை அந்நியமாக இருந்திருக்க முடியாது. இரண்டும் கண்டுகொண்ட உண்மை ஒன்று: கை அறிந்தபின் கண் அறிவது எளிது.

கல்வியின் தத்துவம் என்று வரும்போது வழிகள் பிரிகின்றன. பெல்லின் பள்ளி போட்டியால் ஓடியது. நன்றாகப் படித்தவன் வகுப்பில் ஓரிடம் முன்னேறுவான், தவறியவன் பின்னே போவான். மாண்டிசோரி பரிசையும் தண்டனையையும் வேண்டாமென்றார். அடையாற்றுக் கடற்கரையில் 1909இல் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, கல்வியைப் பற்றி 1953இல் வெளியிட்ட நூலில் ஒப்பீட்டையே கேள்விக்கு உட்படுத்தினார். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும் இடத்தில் அச்சம் வளரும், அச்சம் உள்ள இடத்தில் கற்றல் நடக்காது என்பது அவர் வாதம். சட்டாம்பிள்ளை, தர வரிசை, மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் எடைபோட, இந்த மூவரையும் சேர்த்துப் படிப்பதைவிட நல்ல வழி இல்லை.

குப்பத்தின் எழுதப்படாத நூல்

நொச்சிக்குப்பத்துக் கரையில் கிழிந்த வலையைச் சீர்செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்தால், அதுவும் ஒரு பாடமுறை. மூத்தவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். கிழிந்த இடத்தை அப்படியே தைப்பதில்லை. முதலில் பிசிறுகளை வெட்டி, ஓட்டையை ஒழுங்கான கண்களின் விளிம்புக்குக் கொண்டுவந்து, அதன்பின்தான் ஊசியை ஓட்டுவார். பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்கு நூலை ஊசியில் சுற்றித் தருவதே முதல் வேலை. பிறகு ஒரு கண், பிறகு ஒரு வரிசை. கண்ணின் அளவு மாறினால் மாட்டும் மீனும் மாறும் என்பதை விரலிடையில் அளந்தே அறிந்துகொள்வான். கரையிலுள்ள உயர்ந்த அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிப்பது, வாடைக்கும் கொண்டலுக்கும் தண்ணீர் எப்படி மாறும் என்று கணிப்பது, கரை வந்த மீனைக் கண்ணால் மதித்துக் கூறு கட்டி விலை சொல்வது எல்லாம் இப்படித்தான் கைமாறுகின்றன.

பெல் கண்ட இரு கூறுகளும் இங்கே உண்டு: கையால் கற்பது, சற்று மூத்தவரிடம் கற்பது. இதைப் பற்றிய கட்டுரை நூல்கள் தமிழில் மிகக் குறைவு. தென்கோடிக் கடற்கரையின் வாழ்வையும் அறிவையும் வறீதையா கான்ஸ்தந்தின் தொடர்ந்து எழுதிவருகிறார். அவரே கடற்கரைச் சமூகத்தில் பிறந்தவர். சென்னைக் கரைக்கு அத்தகைய நூல் வரிசை வேண்டும். கல்விப் பணியின் உள்ளிருந்து எழுதுவதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பள்ளிக் கல்வி இயக்குநராகவும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’, அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ இரண்டும் செய்தவர்களே எழுதியவை.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பெல்லின் நூல், கேம்பெல்லின் கடிதம், மன்றோவின் குறிப்பு, ஓல்காட்டின் நூல் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாக, விளக்கக் குறிப்புகளோடு தமிழில் கிடைக்க வேண்டும். எல்லாமே காப்புரிமைக் காலம் கடந்தவை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்துக்கு மொழிபெயர்ப்பும் மறுபதிப்பும் பழக்கமான வேலைதான். ஆசிரியர் பயிற்சி மாணவர் பெல்லின் பெயரை மேலைநாட்டுக் கல்வி வரலாற்றில் படிக்கிறார். எழும்பூரையும் திண்ணையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பாடம் முழுமை பெறும். 2021இல் தொடங்கிய அரசுத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் திண்ணையிலும் தெருமுனையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள்; அந்த அனுபவத்தை எடைபோடவும் இந்த நூல்கள் உதவும்.

இரண்டாவது, பதிவு. வலை சீர்செய்பவர், மீனைக் கூறு கட்டுபவர், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆகியோர் தாம் கற்பிக்கும் விதத்தைத் தாமே சொல்ல, அது அவர்கள் பெயரிலேயே நூலாக வேண்டும். எழும்பூர் சோதனையின் வரலாற்றில் மாணவனுக்குப் பெயர் இருக்கிறது, பாதிரியாருக்குப் பள்ளி இருக்கிறது. திண்ணை வாத்தியாருக்கு விட்ட இடம் இருநூறு ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கிறது.